படகின் அடியில் உன் பென்சில் எழுத்து

இன்று சாயங்காலம் நம் பெரிய பாயை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் துவைத்தேன். துணி காயப்போடும் ஒரு கம்பி அதற்குப் போதவில்லை. எல்லாக் கம்பிகளின் மேலும் விரித்துப் போட்ட பிறகும் ஒரு மூலை தரையில் கிடந்தது. எதிர் மாடியில் வடாம் எடுக்க வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஏமண்டி டீச்சர்காரு, இண்ட்லோ பெள்ளியா? ஷாமியானா உதுக்குதுன்னாரு!" என்றாள். கல்யாணமும் இல்லை, பந்தல் துணியும் இல்லை, இது படகுக்குக் கட்டும் பாய் என்று சொன்னேன். அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வடாத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காற்று கொஞ்சம் எழுந்ததும் பாய் தானாக ஒரு மூச்சு வாங்கியது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. இந்த ஊரில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாசனை. ஏரிக்கரை டேங்க் பண்ட் நெருங்கினால் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நமக்கு மட்டும் அது வேறு ஒன்றாக இருந்தது. மே மாதக் கடைசியில் அது மூக்கில் பட்டால், இன்னும் கொஞ்ச நாளில் மேற்கிலிருந்து காற்று வரும், ஹுசேன் சாகர் கறுக்கும், படகுகள் இறங்கும் என்று பொருள். சோப்புப் போட்டு அலசியும் பாயை விட்டு அது போகவில்லை. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் நீயும் நானும் நனைந்த ஏரி. அது இந்தத் துணிக்குள்ளேயே மடிந்து கிடந்திருக்கிறது.

கீழே வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உடனே கேட்க வரவில்லை. கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்.

உன்னை முதலில் பார்த்தபோது ஏரிக்கரையில் ஒரு லைஃப் ஜாக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் போனில் அம்மாவிடம் பேசுவது உன் காதில் விழுந்திருக்கிறது. நேராக என்னிடம் வந்தாய்.

"தமிழா நீ?"

"ஹவ்," என்றேன்.

"ஹவ்வா? அது எந்த ஊர்த் தமிழு?"

"மல்காஜ்கிரி தமிழ். அப்பா ரயில்வே பட்டறை. இங்க பொறந்தா ஆமாம்னு வராது, ஹவ்னுதான் வரும்."

"சரிதான். இந்தா, இந்த வாரக் கொஞ்சம் இழுத்துக் கட்டு. ஏட்டி, இந்தக் கூட்டத்துல நாம ரெண்டு பேருதான் கெழவிங்க. சேந்தே முங்குவோம்."

பெயர் கேட்பதற்கு முன்பே என்னை ஏட்டி என்று கூப்பிட்டவள் நீ ஒருத்திதான்.

தூத்துக்குடியில் அலைச் சத்தம் கேட்கும் வீட்டில் பிறந்தவள் நீ. உன் அப்பாவும் அண்ணன்மாரும் விடியுமுன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவள். "பொம்பளப் பிள்ள வள்ளத்துல ஏறப்பிடாதும்பாங்க. கரையில நின்னு மீன் பிரிக்கலாம், அவ்ளோதான். கம்ப்யூட்டர் வேலைக்கு இங்க வந்தா, கடலே இல்லாத ஊர்ல கூப்பிட்டு ஏத்துதாங்க!" என்று நீ சொல்லிச் சிரித்தபோது உன் கண் ஏரியின் மேல் இருந்தது. நான் அதுவரை ஏரியை ஒரு நாற்றமாகவும், நடுவில் நிற்கும் புத்தரை ஒரு சிலையாகவும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்தத் தண்ணீருக்கு மேற்கு, கிழக்கு எல்லாம் உண்டு என்று தெரிந்தது. மழைக்காலத்தில் வரும் அந்த மேல்காற்றை நீ கச்சான் என்றாய். "எங்க ஊருக் காத்துதான் இது. வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கு," என்றாய்.

மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரி தம் பழைய ஃபைபர் படகை நம்மிடம் விட்டுப் போனார். இருவர் ஓட்டுவது. என்ன பெயர் எழுதலாம் என்று நீ தூரிகையோடு நின்றாய். எனக்கு வெயில். "நக்கோ, பேரெல்லாம் ஒண்ணும் நக்கோ," வேண்டவே வேண்டாம் என்றுவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது படகின் பின்புறத்தில் நீலத்தில் பெரிதாக எழுதியிருந்தது: நக்கோ.

அதில் பின்னால் நீ, முன்னால் நான். பேசி முடிவு செய்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது. சுக்கான் உன் கையில். முன்பாயின் கயிறு என் கையில். "இழுட்டி", "விடு", "குனி, குனி" என்று உன் குரல் என் முதுகில் வந்து படும். நான் சுக்கானை ஒருநாளும் தொட்டதில்லை.

இதையெல்லாம் உனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அதிகமாக நினைவு வருவது ஏரியில் போன நாட்கள் இல்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகள்தான். காற்று வருவதற்கு முன்னால், எல்லாம் அசையாமல் கிடக்கும் வெயிலில், தகரக் கொட்டகைக்குள் நாம் படகைத் தயார் செய்த நாட்கள்.

மற்றவர்கள் படகைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்து ஓட்டை கண்டுபிடித்தார்கள். நீ தண்ணீரைப் படகில் இறக்கினாய். மரக்கட்டைகள் மேல் படகை நிமிர்த்தி வைத்து, ஏரியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து உள்ளே ஊற்றுவோம். கணுக்கால் ஆழம் வரும்வரை. கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் கரீம் பாய் முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "க்யா மேடம், சப் லோகாம் நாவ் கூ பானி மே டால்தே. தும் பானி கூ நாவ் மே டால்ரெ!" எல்லோரும் படகைத் தண்ணீரில் போடுகிறார்கள், நீங்கள் தண்ணீரைப் படகில் போடுகிறீர்களே என்று.

"உள்ள ஊத்துனது எங்கன வெளிய வருதோ, அங்கனதான் நாளைக்கு வெளிய உள்ளது உள்ள வரும். அவ்ளோதான் பாய்," என்று நீ அவருக்குத் தமிழிலேயே விளக்கினாய். அவருக்குப் புரிந்தது. எனக்குத் தனியாக வேறு ஒரு காரணம் சொன்னாய். "ஒரு வருசமாக் காஞ்சு கெடந்திருக்குட்டி. தண்ணின்னா என்னன்னு மறந்திருக்கும். கொஞ்சம் ஞாபகப்படுத்துவோம்."

பிறகு படகின் இரண்டு விளிம்பிலும் எதிரெதிராக உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டுக் காத்திருப்போம். தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் துளித்துளியாக அந்தத் தண்ணீரில் விழும். பகலில் நட்சத்திரம் போட்ட குளம் மாதிரி இருக்கும். உன் கால்விரல் அசைந்தால் அவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, மறுபடி பிரிந்து தத்தம் இடத்துக்கு வரும். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் கல்லூரி, உன் அலுவலகம், அம்மாவின் முழங்கால், தூத்துக்குடியில் யாருக்கோ கல்யாணம். நடுநடுவே பேச்சு நின்றுவிடும். ஏரி வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா, நாம் கரையில் இருக்கிறோமா போய்க்கொண்டிருக்கிறோமா என்பதெல்லாம் மங்கிப்போகும். அப்போது படகுக்கு அடியில் எங்கோ ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்கும். "ஆங்!" என்று நீ குதித்து இறங்கி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடியில் தவழ்வாய்.

கசிந்த ஒவ்வோர் இடத்தையும் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு பெயர். பிறகு தண்ணீரை வெளியேற்றி, படகைக் கவிழ்த்து, உப்புத்தாளால் அந்த இடங்களைத் தேய்த்து, ஃபைபர் துணி வைத்து ரெசின் பூசி அடைப்போம். நீ வைத்த பெயர்களை நீயே சிரித்துக்கொண்டு தேய்த்து அழிப்பாய்.

உன் வீட்டுக்காரர் ஜெரால்டு அண்ணன் உன்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கரையில் வேப்பமரத்தடி பெஞ்சில் பேப்பரோடு உட்காருவார். எப்போதும் ஏரிக்கு முதுகு காட்டித்தான். அவருக்குத் தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும். "கடக்கரையில பொறந்த ஆம்பளைக்குத் தண்ணின்னா பயம், பொம்பளைக்கு இல்ல. ஆண்டவரு ஆள மாத்தி அனுப்பிட்டாரு," என்பாய், அவர் காதில் விழும்படியாக. அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்புவார்.

போன வருஷமும் தண்ணீர் ஊற்றினோம். அன்று வாளி தூக்கியதெல்லாம் நான்தான். முதுகு வலிக்கிறது என்று நீ விளிம்பில் உட்கார்ந்தே இருந்தாய். ஆனால் சொட்டுச் சத்தம் கேட்டதும் இறங்கிவிட்டாய். படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு வட்டமாகப் போட்டாய். எழுந்திருக்க என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கரீம் பாயும் நானும் தண்ணீரை வெளியேற்றிப் படகைக் கவிழ்த்தோம். "அடுத்த ஞாயிறு தேச்சிருவோம்," என்றாய்.

அடுத்த ஞாயிறு நாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்கப்புறம் எந்த ஞாயிறும் கொட்டகைக்குப் போகவில்லை. நக்கோ கவிழ்ந்த நிலையிலேயே மழைக்காலத்தைக் கழித்தது. இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் முன் நீ போய்விட்டாய்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

இரண்டு பருவம் தொடர்ந்து ஏரியில் இறங்காத படகுக்குக் கிளப் கொட்டகையில் இடம் கிடையாது. பருவத்தின் முதல் ஞாயிறு ஆரம்பக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். இல்லையென்றால் எடுத்துப் போகச் சொல்வார்கள். கரீம் பாய் போன் செய்து ஞாபகப்படுத்தினார். நான் ஜெரால்டு அண்ணனிடம் சொன்னேன். இன்று காலை இருவரும் போனோம். அவர் கொட்டகைக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

கவிழ்ந்து கிடந்த படகின் மேல் தூசி படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். வட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உன் எழுத்து, நேற்று எழுதியது போல. நான் உப்புத்தாளை எடுத்தேன்.

"டீச்சர், தேச்சிராதீங்க," என்றார்.

"தேய்க்காம ரெசின் ஒட்டாது அண்ணா."

"ஒட்டாண்டாம்."

"ஒட்டலன்னா தண்ணி உள்ள வரும்."

"ஊருல முத்தத்துல கெடந்தா ஏது தண்ணி? லாரி பேசியிருக்கேன். தூத்துக்குடிக்குக் கொண்டு போயிருதேன். அவ அம்மா வீட்டு முத்தத்துல இப்படியே கவுத்தி வச்சிருவோம். மேல ஒரு ஓலை போட்டா எழுத்து அப்பிடியே நிக்கும்."

  "அண்ணா, அவ அத எழுதினதே தேய்க்கறதுக்குத்தான்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் வெளியே போய், பெஞ்சில் அதே பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பேப்பர்கூட இல்லாமல்.

வீட்டுக்கு வந்து பாயைத் துவைத்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. எனக்கு நக்கோ தண்ணீரில் வேண்டும். அவருக்கு உன் எழுத்து வேண்டும். இரண்டில் எதை நீ கேட்டிருப்பாய்? அவரிடம் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேனே, அது உனக்காகச் சொன்னதா, எனக்கு ஏரிக்குப் போக ஆசையாக இருப்பதால் சொன்னதா? பாய் இன்னும் மாடியில் காய்கிறது.

*

அன்று அதோடு நிறுத்தியிருந்தேன். இன்று திங்கட்கிழமை. நடுவில் சில ஞாயிறுகள் போயிருக்கின்றன. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் கொட்டகைக்குப் போனபோது லாரி நிற்கும் என்றுதான் நினைத்தேன். உன் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பழைய சட்டை, மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை, கையில் ஒரு கட்டு உப்புத்தாள்.

"ராணிகஞ்சுல வாங்குனேன். எதுக்குன்னு கேட்டான், வள்ளத்துக்குன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு, கதவுக்குத் தேய்க்கத குடுத்துட்டான் போல. சரியா இருக்குமா டீச்சர்?"

சரியாக இல்லை. மரக்கதவையே கரைத்துவிடும் முரட்டுத்தாள். நான் கொண்டுவந்ததைக் கொடுத்தேன்.

"ஒரு வாரமா யோசிச்சேன்," என்றார். "அவ வருசா வருசம் எழுதுனத நான் ஒரு நாளும் வந்து வாசிக்கல. பெஞ்சுலதான் இருந்தேன். வாசிச்சு, என்னன்னு நீங்க சொல்லி, அதுக்கப்புறம் தேய்க்கட்டுமா?"

அப்படித்தான் செய்தோம். முதல் வட்டம், "மல்காஜ்கிரி கேட்". எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஒன்றும் நகராது, திறந்தால் வெள்ளம் போல வரும் என்று நீ திட்டிக்கொண்டே வந்து சேருவாயே, அதைச் சொன்னேன். அவர் கைக்குட்டைக்குள் சிரித்தார். பிறகு தேய்த்தார். அடுத்தது, "போவன்பள்ளி தக்காளி, அமுக்காத". அந்த இடம் விரல் பட்டாலே அமுங்கியது. மார்க்கெட்டில் நீ தக்காளியை அமுக்கிப் பார்த்ததற்குக் கடைக்காரி உன்னோடு சண்டைக்கு வந்ததும், நீ தெலுங்கில் பதில் சொல்லத் தெரியாமல் பைபிள் வசனம் சொன்னதும் அவருக்குத் தெரியாதாம். அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அடுத்தது, "டீச்சரோட பிரின்சிபால், சிரிச்சிக்கிட்டே". அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் புலம்பல்களை உன் வழியாகக் கேட்டே அவருக்கு எங்கள் பிரின்சிபாலை முகம் தெரியாமலே பிடிக்காது.

முன்பக்கம், நான் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, "ஏட்டி, எடயக் கொற" என்று இருந்தது. அதை அவர் வாசித்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். அதை நான் தேய்த்தேன். 

வெள்ளைத் தூள் எழுந்து, ஆணி ஓட்டை வெளிச்சங்களில் மிதந்தது. கீழே இறங்காமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. நீ எழுதியதுதான் அது. கைக்குட்டையை மீறி எங்களுக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கும்.

கடைசி வட்டம் படகின் நடுத்தண்டுக்குப் பக்கத்தில், எல்லாவற்றையும்விடச் சின்னதாக இருந்தது. அவர் குனிந்து வாசித்தார். "ஜெரால்டு, மெதுவாத்தான் வரும்."

"என்னயவா?" என்றார். "கடைக்கு அனுப்புனா லேட்டா வருவேன்லா. அதச் சொல்லுதா."

"அந்த இடம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் சொட்டும் அண்ணா. நாங்க எல்லாம் முடிஞ்சதுன்னு எழுந்திரிக்கிற நேரத்துக்கு ஒரு சொட்டு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். தூளில் வெளுத்திருந்த புருவங்களுக்குக் கீழே கண் நிறைந்துவிட்டது. உப்புத்தாளை அதன் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இத நான் அழிக்க மாட்டேன் டீச்சர். ஏரி அழிச்சுக்கிடட்டும்."

தேய்ப்பதற்காக எழுதியது என்று அவருக்குப் பாடம் நடத்தியவள் நான்தான். ஓட்டையோடு படகை இறக்குவது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிந்தவளும் நான்தான். "ஹவ்," என்றேன். அந்த ஒரு வட்டத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடைத்துப் பூசினோம்.

ரெசின் காய்ந்த பிறகு, நீ செய்வது போலவே படகை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினோம். அவர் கால்சட்டையை மடித்துவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே வைத்தார். அவர் காலில் ஏரித்தண்ணீர் பட்டது அப்போதுதான். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இவ்ளோ தண்ணிக்கு என்ன," என்றார், ஆனால் விளிம்பை விடவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்தோம். வெளியே மழைக்கு முன் கத்தும் அக்கா குயில் ஒன்று கத்திக் கத்தி ஓய்ந்தது. நான் தூங்கிவிட்டேனோ என்னவோ, உன் குரல் கேட்டது போல் இருந்தது, என்ன சொன்னாய் என்று தெரியவில்லை. விழித்தபோது அவர் இறங்கி, படகுக்கு அடியில் உன்னைப் போலவே மல்லாந்து படுத்திருந்தார். எல்லா இடமும் காய்ந்திருந்தது. அவர் பெயருக்கு அடியில் மட்டும் ஒரு துளி திரண்டு, பெருத்து, தொங்கி, விழ மனமில்லாமல் நின்றது. அது விழுந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நேற்றுதான் பருவத்தின் முதல் ஞாயிறு. காலையிலேயே மேற்கு கறுத்திருந்தது. கச்சான் தொடங்கிவிட்டது. ஏரி முழுக்கப் பாய்கள். நக்கோவைக் கரையில் வைத்து, கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உன் இடத்துக்கு நான் போவதே பெரிதாக இருந்ததால், என் இடத்துக்கு யார் என்று நான் யோசிக்கவே இல்லை. கிளப்பில் யாராவது வருவார்கள் என்று விட்டிருந்தேன்.

"டீச்சர், இது முன்னாலயா பின்னாலயா?"

திரும்பினேன். ஜெரால்டு அண்ணன் லைஃப் ஜாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷூ போட்டிருந்தார்.

"அண்ணா, நீங்க..."

"உள்ள தண்ணி வரும்லா. எறைக்க ஆள் வேணாமா? என் பேருல வர்ற தண்ணி."

கரீம் பாய் கொட்டகை வாசலிலிருந்து கையைத் தட்டினார். "அரே, ஸாப் பி ஆகயே! ஆஜ் பாரிஷ் பக்கா!" ஐயாவே வந்துவிட்டார், இன்று மழை நிச்சயம்.

ஜெரால்டு அண்ணன் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஏறினார். என்னுடைய இடத்தில், முன்னால். நான் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தேன்.

கொடி ஏறியிருந்தது. அது இறங்குவதற்குள் இரண்டு மிதவைகளுக்கு நடுவே இருந்த கோட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான். உன் முன்னால் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன். வலப்பக்கம் போக வேண்டும் என்றால் சுக்கானை இடப்பக்கம் தள்ள வேண்டும். தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு நேராகப் போகிறவளை நக்கோ அழகாக ஒரு வட்டம் சுற்றி, கரையைப் பார்க்க நிறுத்தியது. ஒலிபெருக்கியில், "நக்கோ! நக்கோ! உதர் நக்கோ!" என்று கத்தினார்கள், படகின் பெயரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் வேண்டாம் என்று. கரை முழுக்கச் சிரிப்பு. மறுபடி திருப்பினேன். பாய் படபடவென்று அடித்தது, காற்று எங்கே என்று தெரியவில்லை, படகின் உள்ளே தண்ணீர் அவர் கால்விரல்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எறைங்க அண்ணா!"

அவர் வெட்டிய எண்ணெய் டப்பாவால் இறைத்தார். இறைத்துக்கொண்டே, "அவ பாடிக்கிட்டே இருப்பாளாமே?" என்று கேட்டார்.

"இல்ல, திட்டிக்கிட்டே இருப்பா!"

"அப்பம் திட்டுங்க டீச்சர்!"

எனக்குத் திட்ட வரவில்லை, "இழுங்க!" என்றுதான் கத்தினேன். அவர் என்ன கயிறு என்று கேட்காமல் கையில் அகப்பட்டதை இழுத்தார். அது சரியான கயிறாக இருந்தது. முன்பாய் நிறைந்தது. நக்கோ ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் அந்தச் சத்தம், துணி கிழிப்பது போல மெல்லிதாக ஒரு சத்தம், தொடங்கியது. கொடி இறங்கிக்கொண்டிருந்தபோது கோட்டைத் தாண்டினோம். எல்லோருக்கும் கடைசியாக.

தாண்டிய பிறகு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. புத்தர் பக்கமாக விட்டேன். மழைத்தூறல் ஏரியின் மேல் நடந்து வந்தது. சத்தங்கள் எல்லாம் தூரப் போய்விட்டன. அவர் இறைப்பதை நிறுத்திவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து அவர் பிடரியைப் பார்த்தேன். நரைத்த முடி, ஜாக்கெட்டில் தப்பாகக் கட்டிய முடிச்சு, பயத்தில் தூக்கியிருந்த தோள்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்த தோள்கள். அதற்கு அப்பால் பாய், அதற்கு அப்பால் ஏரி. பின்னால் இருப்பவளுக்கு ஏரி தனியாகத் தெரிவதில்லை. முன்னால் இருக்கும் ஆளைத் தாண்டித்தான் தெரிகிறது. இத்தனை வருஷம் நீ பார்த்த ஏரியின் நடுவில் என் முதுகு இருந்திருக்கிறது. நான் எப்போது பயந்தேன், எப்போது பயம் தெளிந்தேன் என்பதெல்லாம் நான் சொல்லாமலே உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் நீ சில நேரம் ஒன்றும் சொல்லாமல் வந்தாய் போலிருக்கிறது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கரைக்கு வந்து படகைக் கவிழ்த்தபோது அவர் குனிந்து பார்த்தார். வட்டம் கொஞ்சம் மங்கியிருந்தது. எழுத்து படிக்க முடிந்தது. "ரெண்டு மூணு ஞாயிறு தாங்கும்," என்றார். லாரிக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், எப்போது என்று கேட்கவில்லை.

இன்று காலை வகுப்பில் இலையின் குறுக்குவெட்டுப் படம் போடக் கரும்பலகைக்குத் திரும்பினேன். கை தோளுக்கு மேல் ஏறவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கல்லாக இருக்கிறது. உள்ளங்கையில் ஒரு கொப்புளம். சுக்கானை நான் எப்படிப் பிடித்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. உன் கையில் ஒருநாளும் இப்படிக் கொப்புளம் பார்த்ததில்லை. நீ தளர்த்திப் பிடித்திருப்பாய். நானும் கற்றுக்கொள்வேன். இந்த மழைக்காலம் முடிவதற்குள் என் கையும் உன் கை போலத் தளர்ந்துவிடும்.

அம்மா தைலம் எடுத்து வந்தாள். நக்கோ என்றுவிட்டேன். இன்றைக்கு ஒரு நாள் வலிக்கட்டும். இந்த எழுத்தெல்லாம் கோணலாக இருப்பது அதனால்தான்.